இரண்டு ஆறுகளுக்கு நடுவே

புனே நகரின் வடமேற்கில் சாங்வி என்று ஓர் ஊர் உண்டு. ஊர் என்றதும் அங்கே குடியிருக்கும் நண்பர்கள் சிரிப்பார்கள். இன்று அது பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்த பகுதி. அடுக்கு வீடுகளும் கடைகளும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஆயினும் அதன் இருப்பிடத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு புறம் முளா ஆறு; மறு புறம் பவனா ஆறு. இரண்டும் தாபோடிக்கு அருகே வந்து கூடுகின்றன. அவ்விரண்டுக்கும் இடையில் ஆப்பு வைத்தாற்போல் ஒரு நிலம். அந்த ஆப்பின் கூர்முனையை ஒட்டியது பழைய சாங்வி. மழைக்காலத்தில் மேலே அணைகளைத் திறந்துவிட்டால் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் புகுந்து, இரண்டு ஆறுகள் இருப்பதை மறந்தவர்களுக்கும் நினைவூட்டிவிடும்.

நம் பல்கலைக்கழகமோ முளாவுக்குத் தெற்கே, கணேஷ்கிண்டில் இருக்கிறது. ஆகவே சாங்வியில் அறை எடுத்திருக்கும் தமிழ் மாணவர் அனைவரும் நாள்தோறும் இருமுறை பாலம் கடப்பவர்கள். பாலம் கடக்கும்போது சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்கு ஊர் நினைவு வரும். எனக்குக் கணக்கு நினைவு வரும். என் செய்வது! எடுத்துப் படிக்கும் பாடம் அப்படி.

பாலத்தையும் கணக்கையும் முதலில் ஒன்றாகச் சேர்த்து நினைத்த பெருமை ஆய்லர் என்னும் அறிஞரைச் சாரும். பிரஷ்ய நாட்டுக் கோனிக்ஸ்பர்க் நகரத்தைப் பிரேகல் ஆறு நான்கு நிலத்துண்டுகளாகப் பிரித்திருந்தது. அவற்றை இணைக்க ஏழு பாலங்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து உலாவி வர முடியுமா என்பது அவ்வூரார் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. 1735-இல் ஆய்லர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கழகத்தில் விடை கூறினார்: முடியாது. விடையை விட, விடை கண்ட விதம்தான் பெரிது. ஆற்றின் அகலம், பாலத்தின் நீளம், தெருவின் வளைவு ஆகிய அனைத்தையும் அவர் ஒதுக்கித் தள்ளினார். எஞ்சியவை நான்கு புள்ளிகளும் ஏழு கோடுகளும் மட்டுமே. ஒரு புள்ளிக்குள் ஒரு கோட்டால் நுழைந்தவன் மற்றொரு கோட்டால் வெளியேற வேண்டும். எனவே புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும் நீங்கலாக, மற்ற ஒவ்வொரு புள்ளியிலும் கோடுகள் இரட்டைப்படையில் கூட வேண்டும். கோனிக்ஸ்பர்க்கில் ஒரு புள்ளியில் ஐந்து, மற்ற மூன்றிலும் மும்மூன்று. நான்குமே ஒற்றைப்படை! இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அந்த ஏழில் இரண்டு பாலங்கள் அழிந்தன. எஞ்சிய ஐந்தை வைத்து வரைந்தால் அந்த உலா கைகூடும் என்பது வேடிக்கை. ஒரு கணக்குக்கு இவ்வளவு செலவில் தீர்வு கண்டவர்கள் வேறு எவரும் இரார்.

புள்ளியும் கோடும் கொண்ட இத்தகைய படத்தை வலைப்பின்னல் என்கிறோம். நம் வீட்டு வாசல்களுக்கு இது புதிதன்று. கையெடுக்காமல் இழுக்கும் சிக்குக் கோலத்தில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களைப் பாருங்கள். ஒவ்வோரிடத்திலும் நான்கு முனைகள் கூடும். ஆய்லரைக் கேட்காமலே நம் பாட்டிமார் இரட்டைப்படையைக் காத்து வந்திருக்கிறார்கள்.

வலைப்பின்னல் என்பது படம். அந்தப் படத்தில் வழி தேடும் முறையே அல்காரிதம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயர் மருவி வந்த சொல் அது. சாங்வியிலிருந்து பல்கலைக்கழக வாயிலுக்குக் குறுகிய வழி எது என்று கைபேசியைக் கேட்டால் நொடியில் சொல்கிறதல்லவா? அந்த வித்தைக்கு அடிப்படை 1956-இல் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சுக்காரர் கண்ட முறை. ஆம்ஸ்டர்டாம் நகரில் மணமகளாக வரவிருந்த பெண்ணோடு கடைவீதி சுற்றிக் களைத்து, காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, இருபது நிமிடத்தில், தாளும் பேனாவும் இன்றி அதை எண்ணி முடித்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். (அந்தப் பெண்ணின் பொறுமையைப் பற்றி வரலாறு ஒன்றும் கூறவில்லை.)

அந்த முறையைச் சாங்விக்காரனுக்கு விளக்குவது எளிது. வீட்டு வாசலில் தண்ணீரைத் திறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வேகத்தில் எல்லாத் தெருக்களிலும் அது பரவுகிறது. முதலில் மிக அருகிலுள்ள முச்சந்தியைத் தொடும், அங்கிருந்து பிரியும், அடுத்து அருகிலுள்ளதைத் தொடும். பல்கலைக்கழக வாயிலை முதன்முதலில் எந்தத் தாரை எட்டுகிறதோ, அது வந்த வழியே குறுகிய வழி. கருவி தண்ணீர் விடுவதில்லை. ஒவ்வொரு படியிலும் 'இன்னும் தொடாத இடங்களுள் மிக அருகில் இருப்பது எது?' என்று கேட்டுக் கேட்டு அதே வேலையைச் செய்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதற்கு ஊர் முழுவதின் வரைபடமும் கையில் இருக்க வேண்டும். தெருக்களுக்கு வரைபடம் உண்டு. மனிதர்களுக்கு?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் இந்தக் கேள்வி எங்கள் அறைக்கே வந்தது.

அப்போது எங்கள் சந்தில் மூன்று அறைகளில் பதினொரு தமிழ் மாணவர்கள் இருந்தோம். அவர்களுள் இளையவன் கோவில்பட்டித் தம்பி. ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல், நனைந்த சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தான். தொடை எலும்பு முறிந்து இரத்தம் மிகுதியாகப் போயிருந்தது. மருத்துவமனையில் நாங்கள் போய்ப் பார்த்தபோது அவன் கூறிய முதல் வார்த்தை, "அண்ணே, அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்பதுதான். காலையில் அறுவைச் சிகிச்சை என்றார்கள். அவனுடைய இரத்தம் ஓ நெகடிவ். நம் நாட்டில் நூற்றுக்கு ஓரிருவரிடமே இருப்பது. கைவசம் ஒரு பாட்டில் இருந்தது. இன்னும் இரண்டு வேண்டும்.

பதினொருவரில் எஞ்சிய பத்துப் பேரும் உடனே வேலையைத் தொடங்கினோம். நான் எட்டுப் பேருக்குச் செய்தி அனுப்பினேன். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். தமிழர் வாட்ஸப் குழுக்கள் ஒன்றுவிடாமல் அச்செய்தி போயிற்று. ஒரு மணி நேரத்துக்குள், நான் எழுதிய அதே செய்தி, நான் செய்த எழுத்துப் பிழையோடு, ஏழு முறை என்னிடமே திரும்பி வந்தது! மதுரையிலிருந்து ஒருவர் பேசினார். தம் இரத்தம் ஓ நெகடிவ்தான், எப்போது வேண்டுமானாலும் தருகிறேன் என்றார். திருச்சியிலிருந்து இருவர். சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி. அந்த நல்ல உள்ளங்களை வாழ்த்துகிறேன். ஆனால் அவர்களுக்கும் சாங்விக்கும் இடையே ஓர் இரவில் கடக்க முடியாத நிலம் கிடந்தது. புனேக்குள்ளிருந்து ஒரு குரலும் வரவில்லை.

விடியற்காலை மாற்றுடை எடுக்க நான் மட்டும் அறைக்குத் திரும்பினேன். எங்கள் சந்தின் முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் முதியவர் அடுப்புக்கரியை மூட்டிக்கொண்டிருந்தார். காகா என்று அழைப்போம், மராத்தியில் சிற்றப்பா. வாரத்துக்கு ஒருமுறை சட்டைகளை எண்ணிக் கொடுப்பதும் எண்ணி வாங்குவதுமே எங்களுக்கும் அவருக்கும் உள்ள பழக்கம். என் முகத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். அரைகுறை இந்தியில் சொன்னேன். அவர் கரியை விசிறுவதை நிறுத்திவிட்டு, பிம்ப்ளே குரவில் கணபதி மண்டல் நடத்தும் இளைஞன் ஒருவனை அழைத்தார். ஆண்டுதோறும் இரத்ததான முகாம் நடத்தும் மண்டல் அது. கொடுத்தவர்களின் பெயரும் இரத்த வகையும் ஒரு நோட்டில் இருந்தன. ஏழரை மணிக்குத் தாபோடியிலிருந்து பேருந்துப் பணிமனைத் தொழிலாளர் ஒருவர் பவனாப் பாலம் கடந்து வந்து சேர்ந்தார். எட்டரைக்கு இன்னொருவர். தம்பி இன்று ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான். அவன் அம்மாவுக்கும் ஒருவழியாகச் செய்தி தெரிந்துவிட்டது. அது வேறு கதை.

நானும் காகாவும், காகாவும் மண்டல் இளைஞனும், அவனும் தொழிலாளரும்: மூன்றே கோடுகள். இரவு முழுதும் நூற்றுக்கணக்கான செய்திகளால் ஆகாதது மூன்று கோடுகளால் ஆயிற்று. இது எவ்வாறு?

பதினொரு பேரில் ஒவ்வொருவருக்கும் மற்றப் பதின்மரையும் தெரியும் என்றால் எத்தனை நட்புகள்? பதினொன்றைப் பத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் 55. ஐம்பத்தைந்து உறுதியான கோடுகள்! சாப்பாடும் கடனும் சண்டையும் அவற்றில் தாராளமாக ஓடும். ஆனால் ஒருவனுக்குத் தெரிந்தது அனைவருக்கும் தெரியும். ஒருவனுக்குத் தெரியாதது எவனுக்கும் தெரியாது. அங்கே செய்தி சுற்றுமே தவிர வெளியே போகாது. வெளியே போக வேண்டுமானால் கூட்டத்தின் விளிம்பில் மெல்லிய கோடு ஒன்றாவது வேண்டும். எங்களுக்கு அந்தக் கோடு, வாரம் ஒருமுறை சட்டை எண்ணும் பழக்கம்.

இதை அமெரிக்காவில் மார்க் கிரானவெட்டர் என்பவர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று விளக்குகிறது. தெரிந்தவர் மூலமாகப் புது வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தார்: உங்களுக்குத் தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்? அடிக்கடி என்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. எப்போதாவது என்றவர்கள் 55-க்கு மேல். மிக அரிதாக என்றவர்கள் ஏறக்குறைய 28. உயிர் நண்பன் நமக்காக ஓடத் தயார். பாவம், அவன் ஓடும் தெருக்களும் நம் தெருக்களே. அரிமுகமாய் நிற்பவன் வேறு தெருவில் வாழ்கிறான்.

1998-இல் டங்கன் வாட்ஸ், ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் என்னும் இருவர் இதற்குக் கணக்கு வடிவம் தந்தார்கள். ஆயிரம் பேர் வட்டமாக நிற்கிறார்கள் என்க. ஒவ்வொருவருக்கும் வலப்பக்கம் ஐவரையும் இடப்பக்கம் ஐவரையும் மட்டும் தெரியும். எதிர்ப்புறம் நிற்பவனுக்குச் செய்தி போக நூறு கைகள் மாற வேண்டும். இப்போது நட்புகளில் நூற்றுக்கு ஒன்றை மட்டும் அறுத்து, வட்டத்தின் குறுக்கே கண்டபடி கட்டிவிடுங்கள். தூரம் மளமளவென்று சரிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு உறவோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அவர்கள் இதே அமைப்பை மூன்று இடங்களில் காட்டினார்கள்: சினிமா நடிகர்கள் சேர்ந்து நடித்த படங்களில், மேற்கு அமெரிக்காவின் மின்கம்பிகளில், முந்நூற்றிரண்டே நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு புழுவின் நரம்பு மண்டலத்தில். நட்சத்திர நடிகருக்கும் மண்ணில் நெளியும் புழுவுக்கும் ஒரே கணக்கு! விஞ்ஞானத்தின் இந்தச் சமத்துவம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆயினும் என் ஐயம் இத்துடன் தீரவில்லை. குறுக்கு வழி இருப்பது வேறு, அதைக் கண்டுபிடிப்பது வேறு. அன்றிரவும் அந்த மூன்று கோடுகள் இருந்தன. நாங்கள்தான் இருட்டில் இருந்தோம். 1960-களில் மில்கிராம் என்னும் உளவியலார், பாஸ்டன் பகுதிப் பங்குத் தரகர் ஒருவருக்குத் தெரிந்தவர் வழியாகவே கடிதம் சேர்க்கச் சொல்லி 296 பேரிடம் தொடங்கினார். சேர்ந்தவை 64. அவை சராசரியாக ஐந்து சொச்சம் இடையாட்களைக் கடந்து வந்தன என்பதை எல்லோரும் வியந்து கூறுவர். வழியிலே மறைந்த மற்றவற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எனக்கோ இரண்டுமே வியப்பு. ஒருவரிடமும் வரைபடம் இல்லை. ஒவ்வொருவரும் தம் கைக்கெட்டியவரை மட்டுமே அறிவர். பிறகு அந்த 64 எப்படிச் சேர்ந்தன?

2000-இல் ஜான் க்ளைன்பெர்க் இதற்கு விடை தேடினார். சதுரங்கக் கட்டங்களைப் போல் மனிதர் பரவி வாழும் ஒரு கற்பனை உலகத்தை அவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் அண்டை வீட்டாரைத் தெரியும்; தொலைவில் ஒருவரையும் தெரியும். 'உனக்குத் தெரிந்தவர்களில் இலக்குக்கு மிக அருகில் இருப்பவரிடம் கொடு' என்பதே அல்காரிதம். தொலைதூர நட்புகள் எல்லாம் அண்டையிலேயே குவிந்து கிடந்தால் செய்தி ஊர்ந்து செல்கிறது. அவை கண்டபடி உலகெங்கும் சிதறிக் கிடந்தாலும் பயனில்லை. தாண்டித் தாண்டிக் குதிக்கிறதே ஒழிய இலக்கை நெருங்கியதும் தடுமாறுகிறது. நட்பு வாய்க்கும் வாய்ப்பு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும்போது மட்டுமே வழி விரைவில் கிடைக்கிறது. இதைச் சாதாரணத் தமிழில் சொன்னால்: தெருவில் சிலர், பேட்டையில் சிலர், நகரத்தில் சிலர், மாவட்டத்தில் சிலர், நாட்டில் சிலர் என்று ஒவ்வொரு தூரத்திலும் ஏறக்குறைய சமமாகத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். எந்தத் தூரமும் வெறுமையாக இருத்தல் ஆகாது.

இதைப் படித்தபோது என் மனம் கோடாத்துக்குப் போயிற்று. புனேக்கு வடக்கே எண்பது கிலோமீட்டர் தொலைவில், நாராயண்காவ் அருகே உள்ள சிற்றூர் அது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் எழுந்த பெரிய மீட்டர்அலை வானொலித் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அதை நடத்தும் வானொலி வானியல் மையம் நம் பல்கலைக்கழக வளாகத்திலேயே உள்ளது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது கிண்ணங்கள். முப்பதை இருபத்தொன்பதால் பெருக்கி இரண்டால் வகுங்கள்: 435 ஜோடிகள். எங்கள் 55-ஐப் போன்ற அதே கணக்கு. ஆனால் அங்கே எவ்வளவு வேறுபாடு! பதினான்கு கிண்ணங்கள் நடுவில், ஒரு கிலோமீட்டர் அளவுள்ள இடத்தில் நெருங்கி நிற்கின்றன. எஞ்சிய பதினாறும் மூன்று கைகளாக நீண்டு செல்கின்றன. மிகத் தொலைவான ஜோடிக்கு இடையே ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அருகருகே நிற்கும் ஜோடி வானில் பரந்து கிடக்கும் பெரிய உருவத்தைக் காணும். விலகி நிற்கும் ஜோடி நுணுக்கத்தைக் காணும். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரங்கள் எல்லாம் நிரம்பியிருந்தால்தான் படம் முழுமையாகும். முப்பதையும் ஒரே திடலில் நட்டிருந்தாலும் 435 ஜோடிகள் இருந்திருக்கும்; நுணுக்கம் எதுவும் தெரிந்திராது.

தம்பி வீடு திரும்பிய வாரம், நோட்டில் வட்டங்கள் வரைந்து எனக்குத் தெரிந்தவர்களைத் தூரவாரியாக நிரப்பிப் பார்த்தேன். எங்கள் சந்து: பத்துப் பேர், காகாவோடு பதினொருவர். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், திருவாரூரைச் சுற்றி: கைபேசியில் பெயருள்ளவர் மட்டும் 212 பேர். இடையில் கிடந்த அவ்வளவு பெரிய நிலத்தில், சாங்வியின் மற்றத் தெருக்கள், பிம்ப்ரி, புனே நகரம், மகாராஷ்டிரம் முழுவதற்கும் சேர்த்து: ஏழு பேர். அவர்களில் நால்வர் பேராசிரியர்கள். மற்ற அறை நண்பர்களையும் எழுதச் சொன்னேன். எண்கள் மாறின, உருவம் மாறவில்லை. மிக அருகில் ஒரு குவியல், மிகத் தொலைவில் ஒரு குவியல், நடுவே வெட்டவெளி. மொழி தெரியாத ஊருக்குப் படிக்க வருகிற எவருக்கும் இயல்பாக அமையும் உருவம் இதுவே. கோடாத்தில் அப்படி நட்டிருந்தால் வானில் பாதி தெரியாமல் போயிருக்கும்.

நடு வட்டங்கள் இப்போது மெல்ல நிரம்பி வருகின்றன. மண்டல் இளைஞன் வந்து போகிறான். அவ்வாண்டு முகாமில் எங்களில் ஆறு பேரின் பெயர்கள் அவன் நோட்டில் ஏறின. காகாவிடம் நான் மராத்தி பழகுகிறேன். அவர் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பதற்குக் கூலி கேட்பதில்லை.

சென்ற மார்கழியில் தாபோடித் தொழிலாளர் எங்கள் அறையைத் தேடி வந்தார். தம் தாயாரைச் சிகிச்சைக்காக வேலூருக்கு அழைத்துப் போக வேண்டுமாம். அங்கே ஒருவரையும் தெரியாது, மொழியும் தெரியாது. "வேலூர் உங்கள் ஊர்தானே?" என்று கேட்டார். அவருக்குத் தமிழ்நாடு முழுவதும் ஒரே ஊர்! திருவாரூர்க்காரனான நான் வேலூரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் அங்கே கல்லூரியில் இருந்தான். ஐந்து ஆண்டுகளாகப் பொங்கல் வாழ்த்துத் தவிர வேறொன்றும் பேசாத நட்பு. அவனை அழைத்தேன்.

"எந்த வண்டி, எத்தனை மணிக்குக் காட்பாடி வருதுன்னு மட்டும் சொல்லு, மாப்ளே" என்றான்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு படம் வந்தது. காட்பாடி நிலையத்தின் நடைமேடையில் அந்தத் தாயார் ஒன்பது கெசப் புடவையோடு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் பள்ளித் தோழன், கையில் தேநீர்க் குவளையோடு. அவர்களுக்குள் எந்த மொழியில் பேச்சு நடந்தது என்று இருவருமே இன்றுவரை சொல்லவில்லை.